அளவாக ஊதிய மூச்சு

1

எங்கள் அண்ணனுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா பெற்ற நாள். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது என்பதால் யாரும் மதிப்பதில்லை. இன்னொன்று, முன்பின் தெரியாத ஒருவருடைய நுரையீரல்களைச் சென்னையில் அவருக்குள் வைத்துத் தைத்த நாள். ஆனி மாதத்தில் வரும் அந்த நாளைத்தான் கொண்டாடுகிறோம். புதுச்சத்திரம் பேக்கரியில் கேக் வாங்கி, ஒரே ஒரு மெழுகுவத்தியைக் குத்தி வைப்பார்கள். அதை அவர் ஊதி அணைக்க வேண்டும். நல்ல நாளில் விளக்கை அணைப்பதா என்று சொந்தத்தில் ஒருவர் முகம் சுளித்தபோது, ஊதுகிற மூச்சுக்குத்தானே கேக் என்று அண்ணனே பதில் சொல்லிவிட்டார்.

இந்த வருடமும் ஜெர்மனியில் என் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். இன்னொரு பக்கம் அவர்கள் மகள் கீர்த்தனா, ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்.

அண்ணன் குனிந்து ஊதினார். சுடர் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். மறுபடி நிமிர்ந்தது. மூன்றாவது தடவை அவர் வாயைக் குவிப்பதற்குள் கீர்த்தனா பக்கத்திலிருந்து ஃபூவென்று ஊதி அணைத்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். கேமரா சட்டென்று கேக் பக்கம் திரும்பியது.

அன்று காலையிலும் அவருடைய மூச்சளவு எனக்கு வாட்ஸாப்பில் வந்திருந்தது. எப்போதும் போல நல்ல அளவு. அந்த அளவுக்கு ஊதுகிற மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே அந்த மெழுகுவத்தியை அணைத்துவிடலாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எழுந்திருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

2

இது ஏன் என்னை இவ்வளவு குத்தியது என்று புரிய வேண்டுமானால் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள் நான். மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கமே இருந்துவிடுவேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இப்போது என் கைக்கு வரும் உயிர் உள்ளங்கையில் அடங்கிவிடும். இங்கே ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், சுண்டெலிகளுக்கு நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்கிறேன். சிரிக்காதீர்கள். ஒரு சுண்டெலியின் இடது நுரையீரலை எடுத்து இன்னொன்றுக்குள் வைத்து, ரத்தம் வரும் குழாய், போகும் குழாய், மூச்சுக் குழாய் மூன்றையும் இணைக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய நூல். கையில் ஊசி ஏற்றுகிற பிளாஸ்டிக் குழாயைத் துணுக்குகளாக வெட்டி, அதை வளையமாக மாட்டித்தான் ரத்தக் குழாய்களைச் சேர்க்கிறோம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து என் கழுத்து ஒரு பக்கமாகக் கோணிவிட்டது.

எதற்கு இந்தப் பாடு? நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கு முதல் கண்டம் முதல் சில மாதங்களில். அதற்கு மருந்து இருக்கிறது. இரண்டாவது கண்டம் மெதுவாக வரும். வருடங்கள் கழித்து, எல்லாம் நல்லபடியாகப் போகிறதென்று எல்லோரும் நிம்மதியான பிறகு வரும். மிகச் சிறிய மூச்சுக் குழல்களின் உள்பக்கம் தழும்பு வளர்ந்து வளர்ந்து குழல் தூர்ந்துபோகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாடிப்படி கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தூர்ந்தது தூர்ந்ததுதான், திரும்பத் திறக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை மாற்றி, மிச்சமிருக்கிற குழல்களைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாள் தள்ளினால் தள்ளிய நாளெல்லாம் நட்டம்.

இதை ஆராய ஏற்ற பிராணி இதுவரை சரியாக அமையவில்லை என்பதுதான் எங்கள் துறையின் தலைவலி. மூச்சுக்குழாய்த் துண்டொன்றைச் சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தால் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் காற்றும் போவதில்லை, அது நுரையீரலும் இல்லை. முழு நுரையீரலை மாற்றினால் ஒன்று உடனே அழுகிப் போகிறது, அல்லது ஒன்றுமே ஆகாமல் நன்றாக இருக்கிறது. பன்றி நம்மைப் போல இருக்கும், ஆனால் வளர்த்துப் பராமரிக்க எல்லா இடத்திலும் வசதி கிடையாது. கடைசியில் எங்களுக்குக் கொஞ்சமாவது கைகொடுத்தவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவான இரண்டு சுண்டெலி வகைகள். பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. முற்றிலும் அந்நியமான நுரையீரலை உடம்பு எடுத்த எடுப்பில் அடித்து நொறுக்கிவிடும். சொந்தத்தின் நுரையீரலைத்தான் மெதுவாக, சத்தமில்லாமல், மனிதருக்குள் வருடக்கணக்கில் மூடுவது போல மூடும். உவமை தேடுகிறவர்கள் இங்கே நின்று தேடிக்கொள்ளலாம். எனக்கு நிற்க நேரமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுண்டெலி தன் நோயை மறைக்கும். ஆள் பார்க்கிறது என்று தெரிந்தால் நிமிர்ந்து நிற்கும், மூக்கை ஆட்டும், தீனியைக் கொறிப்பது போலப் பாவனை செய்யும். பலவீனத்தைக் காட்டினால் தன்னையே எதற்காவது தின்னக் கொடுத்ததாகிவிடும் என்று அதன் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் காலையில் விளக்கைப் போடாமல் உள்ளே போய், அவற்றின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தில் நின்று பார்ப்போம். முதுகு கூனியிருக்கிறதா, விலா இழுக்கிறதா, ரோமம் கலைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மறைக்கிற பிராணியைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

3

அண்ணன் ரிக் வண்டிக்காரர், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. நான் படித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் வடக்கே ஏதோ ஒரு பாறைக்காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார். கல்லைத் துளைக்கும்போது எழும்பும் வெள்ளைத் தூளில் ஆள் யாரென்றே தெரியாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போதும் காது மடிப்பில் அந்த வெள்ளை இருக்கும். அந்தத் தூள்தான் நுரையீரலைக் கல்லாக்கியது. அவர் படுத்தபோது நான் இந்த வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நுரையீரலை மாற்றலாம் என்று அவரிடம் முதலில் சொன்னதே நான்தான். எலிக்குப் பண்றதை எனக்குப் பண்றேங்கறியா என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியதும் ஊர்ப் பிள்ளையாருக்குப் பொரி வாங்கிப் படைத்தார். காலடியில் இருக்கும் மூஞ்சூறுக்குத் தனியாக ஒரு பிடி வைத்தார். எனக்கு முந்தி அதுங்க எத்தனை மூச்சை உட்டுதோ என்றாராம்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. அப்பா இறந்தபோது எனக்கு வந்த தகவல், அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா என்பது. வெளிநாட்டில் இருக்கிற தமிழர் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். விமானத்தில் தனியாக அழுதுகொண்டு வரக்கூடாதாம், அதனால் சாவைச் சொல்லக்கூடாதாம். வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் தன் வீட்டில் நடக்கும்போது யாருக்குத்தான் அது ஞாபகம் வருகிறது? கோவை விமான நிலையத்துக்கு அண்ணன் வந்திருந்தார். ஊர் போகும் வழியெல்லாம் டாக்டர் என்ன சொன்னார், குளுகோஸ் ஏறுகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தி, டீயை என் கையில் கொடுத்து, நான் ஒரு வாய் குடித்த பிறகு சொன்னார்.

"அப்பா நேத்தே போயிட்டாருங் சாமி."

டீயை அவர் சட்டையில் ஊற்றினேன். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இனிமேல் எனக்கு எதையும் மறைப்பதில்லை என்று அந்த ஈரச் சட்டையோடு சத்தியம் செய்தார்.

"நல்லதோ கெட்டதோ, மொதல்ல உனக்குத்தான் அம்மிணி. என்ற பொண்டாட்டிக்கே அப்பறந்தான்."

நான் நம்பினேன். எங்கள் குடும்பத்தில் யார் சொல்வதையும் நான் அப்படி நம்பியதில்லை.

4

கையடக்கமான மூச்சளவுக் கருவி ஒன்றைச் சென்னை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். காலையில் ஒரு தடவை ஊத வேண்டும். அளவு போனில் வரும். அதை அவர்களுக்கும் எனக்கும் அனுப்ப வேண்டும். எப்படி ஊதுவது என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கே ஒரு நர்ஸம்மா.

எலிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வாமையால் ஆஸ்துமா வரலாம் என்று வருடா வருடம் எங்களையும் ஊதச் சொல்வார்கள். வந்த புதிதில் என் ஜெர்மன் தவழ்ந்துகொண்டிருந்தது. மூச்சை விடு என்று அந்த அம்மாள் சொல்லச் சொல்ல நான் மும்முரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்து நின்று, கையை வீசி, "ராவுஸ், ராவுஸ், ராவுஸ்", அதாவது வெளியே, வெளியே என்று, மாட்டைத் தொழுவத்திலிருந்து விரட்டுவது போல விரட்டினாள். அப்படித்தான் ஊதக் கற்றேன். அண்ணனுக்கும் அதையே வீடியோவில் செய்து காட்டினேன். அதிலிருந்து தினமும் அளவோடு கூட ராவுஸ் என்று ஒரு வார்த்தையும் தமிழில் தட்டி அனுப்புவார். பஸ்ஸில் போகும்போது அது வரும். அது வந்தால்தான் எனக்குப் பொழுது விடியும்.

இந்த வருடம் மாசி மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை நின்றுவிட்டது. அளவு மட்டும் வந்தது. கல்யாண வேலையில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

5

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனியாவுக்குப் பதினாறு வயது. அவள் அப்பா வேறு நகரத்தில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறு வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான், அதாவது நானும் அவள் அறைக் கதவும்தான். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். பள்ளியில் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்வாளாம். போன வருடம் விலங்குச் சோதனைக்கு எதிராக அட்டை பிடித்துக்கொண்டு எங்கள் கட்டட வாசலில் நின்ற கூட்டத்தில் அவளும் நின்றாள். என் சக ஊழியர்கள் பார்த்துவிட்டு, பார்க்காதது போல நடந்தார்கள். நான் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் அட்டையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

அன்று வீட்டில், அந்தச் சுண்டெலிகளிடம் சம்மதம் கேட்டாயா என்றாள். உன் மாமாவின் உடம்பில் ஓடுகிற மருந்தெல்லாம் இப்படி வந்ததுதான் என்றேன். கதவு சாத்திக்கொண்டது. ஊரும் இல்லை, உறவும் இல்லை, இவளை இந்த நாட்டுக்குத் தாரை வார்த்துவிட்டேன் என்று அண்ணனிடம் போனில் அழுதேன். புள்ளைக்குக் கொஞ்சம் நாள் குடு அம்மிணி, அதெல்லாம் வருவா என்றார். அவர் குரலில் ஒரு நிச்சயம் இருந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

6

மெழுகுவத்திக்கு மறுநாள் நங்கைக்குப் போன் செய்தேன், அண்ணனுக்கு அல்ல. சுற்றி வளைக்கவில்லை. கருவியில் ஊதுவது யார் என்று கேட்டேன்.

நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தம் போனில் கேட்டது. நங்கை அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எப்போதாவது நான் கேட்பேன் என்று காத்திருந்தவர் போல, சமையல் குறிப்புச் சொல்கிற நிதானத்தில் சொன்னார்.

"நாந்தான் ஊதறேன் அம்மிணி. எனக்கு மூச்சு ஜாஸ்திங்காட்டி நெம்ப வந்துருது. அதனால பாதியில நிறுத்தி, உங்க அண்ணனுக்கு முந்தி வந்தாப்பல அளவா ஊதி அனுப்பறேன்."

அளவாக ஊதினாராம், உப்புப் போடுவது போல. நானும் சென்னை டாக்டரும் மாசியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது நங்கையின் மூச்சை. மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டிய நாட்களையும், அளவு நன்றாக இருப்பதைக் காட்டி, கல்யாண வேலை என்று சொல்லித் தள்ளியிருக்கிறார்கள். போய்வந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் போனை வாங்கினார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்று பேசினார். அந்த இடைவெளியைச் சிரிப்பிலும் கனைப்பிலும் ஒளித்துத்தான் இத்தனை நாள் என்னோடு பேசியிருக்கிறார். மாசியில் ஒரு நாள் அளவு இறங்கியதாம். மறுநாளும் இறங்கியதாம். அப்போதே தெரிந்துவிட்டதாம், இது நான் சொன்ன அந்தத் தூர்ந்துபோகிற சமாச்சாரம் என்று. அடைச்சுட்டா தொறக்காதுன்னு நீதானே சொன்னே, அப்பறம் போயி என்ன பண்ண என்று கேட்டார். நான் அதற்கடுத்துச் சொன்ன வாக்கியத்தை, சீக்கிரம் போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்பதை, அவர் காதில் வாங்கவில்லை. அல்லது வாங்கிக்கொண்டு, கீர்த்தனாவின் கல்யாணத்துக்காகக் கீழே போட்டுவிட்டார். பெண் பார்த்துப் போன சங்ககிரிக்காரர்கள் அப்போதுதான் பூ வைக்க நாள் கேட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா மறுபடி படுத்துவிட்டார் என்று தெரிந்தால் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயம். எனக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சென்னையில் படுக்க வைத்துவிடுவேன், ஊருக்கே தெரிந்துவிடும் என்று அதைவிடப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். நான் அதைத்தான் செய்திருப்பேன்.

"சங்ககிரியில சொன்னதெல்லாம் என்னாச்சுங்ண்ணா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன் சாமி. முடிஞ்ச ஒடனே மொதல்ல உனக்குத்தான்."

எங்கள் ஊரில் எல்லாமே கல்யாணம் முடிந்த பிறகுதான். கடன் சொல்வது, சண்டை போடுவது, பாகம் பிரிப்பது, சாவதுகூட. நான் கத்தினேன். இத்தனை வருடத்தில் அண்ணனைப் பார்த்துக் கத்தியதே இல்லை, அன்று கத்தினேன். என் வேலையே இதுதானே, இந்த ஒரு நோயைத்தானே என் கழுத்து கோணப் பார்க்கிறேன், உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் மறைத்திருக்கலாமே, என்னிடமா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சத்தம் போடாதே, இனியா பயந்துக்கும் என்றார்.

7

இனியா பயப்படவில்லை. அறைக் கதவைத் திறந்து நின்றிருந்தாள். மாமா சொல்லிவிட்டாரா என்று ஜெர்மனில் கேட்டாள்.

இவளுக்குத் தெரிந்திருக்கிறது. கீர்த்தனாவும் இவளும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பாதி இங்கிலீஷ், பாதி இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். பங்குனியில் கீர்த்தனா அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். இவள் நேராக மாமாவையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே சாமி என்று அவர் கேட்டுக்கொண்டார், நான் வாக்குக் கொடுத்தேன் என்றாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரோடு பேசியிருக்கிறாள். நான் ஊரும் உறவும் இல்லாமல் போய்விட்டாளே என்று எவளுக்காக அழுதேனோ, அவள் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டுத் தடுமாறித் தமிழில் மாமாவிடம் மூச்சு எப்படி இருக்கிறதென்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ அவரைப் பார்க்க மாட்டாய், அந்த அளவைத்தான் பார்ப்பாய்" என்றாள். அது இன்றும் உள்ளே குத்துகிறது. குத்துவதால் மட்டும் அவள் சொன்னது சரியாகிவிடாது. எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்துவிடுவேனோ என்று பயந்து, குப்பையைக் கொட்டுகிற சாக்கில் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

8

நானே சென்னை மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அண்ணன் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. அவர்களே கூப்பிட்டு உடனே வரச் சொன்னார்கள். அவரைக் காரில் அழைத்துக்கொண்டு போனது சங்ககிரி மாப்பிள்ளை. பூ வைத்த அன்றைக்கே மாமனாருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டோம், மரியாதைக்குக் கேட்கவில்லை என்று அந்தப் பையன் கீர்த்தனாவிடம் சொன்னானாம். ஆக, சம்பந்தி வீட்டுக்கும் தெரியும். யாருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனையும் செய்தார்களோ அவர்களுக்கே தெரிந்திருந்தது. தெரியாதவள் நான் ஒருத்திதான். உங்களில் வெளிநாட்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். அங்கே தவித்துப் போவாள் என்று நீங்கள் மறைப்பது அவள் தவிப்பைக் குறைக்கவில்லை. அவளை அந்நியம் ஆக்குகிறது.

விடுப்புக் கேட்டேன். நிர்வாக அலுவலகத்து அம்மாள் தன்மையானவர்தான். ஆனாலும் மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும், அதை முத்திரை உள்ள மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டும், அதில் நோய் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று குறிப்பிட வேண்டும் என்றார். அது தெரிந்தால் எங்கள் ஆய்வகத்தையே மூடிவிடலாமே என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்தக் காகிதங்கள் வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடின. கூண்டில் இருக்கிற சுண்டெலிகளுக்கு வேறு வழி செய்ய வேண்டும். விலங்குச் சோதனை அனுமதியில் அறுவைச் சிகிச்சைக்கு என் பெயர்தான் இருக்கிறது. நான் போய்விட்டால் ஒவ்வொன்றையும் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் சிவப்பு வெளிச்சத்தில் நின்றேன். மூலைக் கூண்டில் ஒன்று முதுகைக் கூனிக்கொண்டு விலா இழுக்க உட்கார்ந்திருந்தது. கதவு க்ளிக் என்றதும் நிமிர்ந்து மூக்கை ஆட்டிக் காட்டியது. எனக்குள் ஏதோ அறுந்து, போதும் நிறுத்து என்று தமிழில் அதைத் திட்டிவிட்டேன்.

சென்னையிலிருந்து தினமும் அளவு வந்தது. இந்த முறை நிஜமான அளவு. பழைய அளவில் பாதிகூட இல்லை. மருந்தை மாற்றினார்கள். கொஞ்சம் நிலைத்தது போல இருந்தது. பிறகு கிருமித் தொற்று வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். அதன்பின் நங்கையின் குரலில்தான் செய்திகள். பரவாயில்லை என்றார். இன்றைக்குக் கஞ்சி குடித்தார் என்றார். நான் அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டேன். அதையும் அளவாகத்தான் ஊதுகிறாரோ என்று தோன்றியது.

9

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம். ஆடி மாதம். கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இனியா சமையலறைக்கு வந்தாள். பள்ளிக்குப் போகிற உடையில் இல்லை. அவள் அப்பா நேராக விமான நிலையத்துக்கு வந்து எங்களை ஏற்றிவிடுவதாகச் சொன்னாராம். டிக்கெட் போட்டாகிவிட்டதாம். உனக்கு விசா, என்று நான் ஆரம்பித்தேன். அவளுடையது ஜெர்மன் பாஸ்போர்ட். விசாவை அவள் சித்திரையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள்.

பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஒரு ஜெர்மன் வார்த்தை கலக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்துப் பல தடவை சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது.

"மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்ங்கம்மா. போயிப் பாத்துட்டு வந்தர்லாம்."

நான் சரி என்றேன்.

இப்போது எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கீர்த்தனாவுக்கு ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புன்னகை செய்கிறாள். கண் இமை வீங்கியிருக்கிறது. தண்ணீர் வேண்டுமா, சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொஞ்சம் முன்பு என் கைக்குள் கையை வைத்துக்கொண்டாள். ஏழெட்டு வயதுக்குப் பிறகு அவள் இதைச் செய்ததில்லை.

அண்ணன் இருக்கிற மருத்துவமனை சென்னையில். டிக்கெட் கோவைக்கு. மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்து, கோவையிலிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிப்போவாராம்.

டிக்கெட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மறைக்கிற உயிரைக் கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. கேட்டால் சொல்லிவிடுவாள், அவளால் தாங்க முடியாது. எனக்குக் கோபம் தீரவில்லை. அண்ணன் மேல், நங்கை மேல், இந்தப் பிள்ளை மேல், யார் மேலும் தீரவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவருடைய கடைசி மாதங்களை என் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் அவர்களை மன்னிக்கப் போவதில்லை.

ஆனால் வழியில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பேன். கஞ்சி குடித்தாரா என்று கேட்பேன். சங்ககிரியில் வண்டியை நிறுத்தி அவள் என் கையில் டீயைக் கொடுக்கிற வரைக்கும் நம்பிக்கொண்டே போவேன்.